கேட்டுக்கொண்டிருந்தவர்

"பேசத்தான் தொறக்க மாட்டீங்க, திங்கவாச்சும் வாயத் தொறங்க!"

நேசராணியின் குரல் ஆண்கள் வார்டு முழுக்கக் கேட்டது. ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்த சரவணமுத்து, ஒரு பக்கம் கோணிய வாயை மெல்லத் திறந்தார். தேத்தண்ணியில் ஊறிய ரொட்டித் துண்டை அவள் பதமாக உள்ளே வைத்தாள்.

பதுளை ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்து ஒரு கிழமையே ஆன தாதி சுலோஜனாவுக்கு இந்தப் பகல் நேரச் சண்டையைக் கேட்பதில் ஒரு ருசி வந்துவிட்டது.

பாரிசவாதம் வந்து லுணுகலை பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்த கிழவரை யாரோ வழிப்போக்கர்தான் தூக்கி வந்து சேர்த்திருந்தார்கள். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் கூட்டிப்போக ஆள் வராவிட்டால் வயோதிபர் இல்லம்தான் கதி. நல்லவேளை, பூனாகலைத் தோட்டத்திலிருந்து பஸ் மாறி மாறி இவள் வருகிறாள். அந்த மட்டில் கிழவர் கொடுத்து வைத்தவர்.

"இந்தாங்க, இப்புடித் திரும்புங்க" என்பாளே தவிர, நேசராணி அவர் பேரைச் சொல்லமாட்டாள். கட்டினவன் பேரைச் சொல்லக் கூசும் பெண்களைச் சுலோஜனாவுக்குத் தெரியும். அவளுடைய அம்மாவும் அப்படித்தான்.

"பக்கத்து வூட்டு ஜெயலெட்சுமி ஆடு நம்ம பீன்ஸ் பாத்திய மேஞ்சிருச்சு. கேட்டா, ஆட்டுக்கு என்னாடி தெரியும்ங்கிறா. ஆட்டுக்குத் தெரியாது, அவளுக்குமா தெரியாது? இந்தக் கங்காணி வேற! செத்த மழைக்கு ஒதுங்குனா, 'தேயில ஒதுங்குதா?'ங்கிறாரு."

சுலோஜனா சிரித்துவிட்டாள். "இவர் முந்தியாவது கதைப்பாரோ, அம்மா?"

"எங்க வூட்டு ஆளா? அட போங்க மிஸ்! கோயில்ல பாதர் 'சம்மதமா'ன்னு கேட்டப்பவே தலையத்தான் ஆட்டுனாரு. நான் வாய மூடமாட்டேன், அவரு வாயத் தொறக்கமாட்டாரு. புள்ள குட்டி இல்லாத காம்பராவுல நான் பேசுறதும் அவரு 'ம்' கொட்டுறதுந்தான் சத்தம்."

ரொட்டியைப் பிய்த்தபடியே தொடர்ந்தாள்.

"ஒருநா கோவிச்சுக்கிட்டு நான் பேசாம படுத்துட்டேன். பொறுத்துப் பொறுத்துப் பாத்தாரு. அப்புறம் எந்திரிச்சு வந்து, 'என்னா புள்ள, ஒடம்பு சரியில்லயா?'ன்னு நெத்தியத் தொட்டுப் பாக்குறாரு!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கட்டிலில் கிடந்தவரும் கோணல் வாயால் "ம்" என்றார். அதைக் கேட்டதும் நேசராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சுலோஜனாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "அம்மா, டொக்டர் துண்டு வெட்டிட்டார். நாளைக்கு இவரை வீட்டை கூட்டிக்கொண்டு போகலாம்!"

ரொட்டித் துண்டு நேசராணியின் கையிலேயே நின்றது.

"ஆளு யாரும் வரலன்னா, மிஸ்?"

"ஆக்கள் இல்லாதவையைத்தான் இல்லத்துக்கு அனுப்புறது. இவருக்கேன் அந்தக் கவலை? அதுதான் நீங்கள் இருக்கிறியளே!"

கிழவரின் நல்ல கை போர்வையின்மேல் ஊர்ந்து வந்து நேசராணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அவள் அதை விலக்கவில்லை.

"என்னம்மா, ஒண்டும் சொல்லுறியள் இல்லை?"

"இவரக் கூட்டிக்கிட்டுப் போக எனக்கு என்னங்க மிஸ் பாத்தியத இருக்கு?" கையிலிருந்த ரொட்டித் துண்டை அவள் கீழே வைத்தாள். "எங்க வூட்டு ஆளு போன மாசம் இதே கட்டில்லதான் செத்தாரு."