எந்த இடம்?

பெண்ணுறுப்பின் ஓரத்தில் கிளம்பியிருந்த கொப்புளங்களைப் பற்றிப் பூங்கோதை மூன்று மாதமாக யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போதுகூடத் தலைவலி என்று சொல்லிவிடத்தான் நினைத்திருந்தாள். சீட்டு எழுதும் நர்ஸ் நிமிராமலே, "எந்த இடம்மா?" என்றாள். பூங்கோதை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இவளுக்கு எப்படித் தெரிந்தது? "ஒண்ணுக்குப் போற இடத்துலங்க, கட்டி கட்டியா இருக்கு." அடக்கி வைத்திருந்த குரல் வரிசை முழுக்கக் கேட்டது. ஊர்ப் பேரைத்தான் கேட்டிருந்த நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து, அவளைத் தோளோடு அணைத்து டாக்டரம்மா அறைக்குள் விட்டு, கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். அடுத்து நின்ற நடுவயதுப் பெண்ணிடம் இந்த முறை கவனமாக, "எந்த ஊரும்மா?" என்று கேட்டாள். அந்தப் பெண் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கும் அதே இடந்தாங்க."