எர்த்

அவள் மணிக்கட்டில் செம்புக் கம்பியைச் சுற்றினான். வளையல்காரர்கூட அத்தனை பதமாகக் கையைப் பிடித்ததில்லை.

கம்பியின் மறுமுனை கம்ப்யூட்டர் பெட்டியின் திருகாணியில் இருந்தது.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெறுங்கால். கீழே சிமெண்ட் தரை. அதில் அவனே ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றியிருந்தான்.

"காலத் தூக்கிராத, என்ன?"

தலையாட்டினாள்.

சற்றுமுன் அவன் மாடியிலிருந்து கூப்பிட்டபோது அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தவள் அவள்.

"மேல வா. நீ இல்லன்னா இந்தப் பாட்டே நடக்காது."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்ததில்லை. அவசரத்திலும் உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். ஒரு மிளகைக் கடித்துக்கொண்டாள். கண்ணாடி பார்த்துத் தலையை வேறு சரிசெய்தாள்.

பைத்தியக்காரி.

மெட்டு அவளுடையது. மீன் கழுவும்போது வாயில் வந்தது. அவள் முனக முனக அவன் கிதாரில் பிடித்துக்கொண்டான். பிடித்தவனுக்குச் சொந்தமாகிவிட்டது. இன்று சாயங்காலத்துக்குள் சென்னைக்கு அனுப்ப வேண்டும். அங்கே பிடித்துப்போனால் படத்தில் வரும்.

பாட்டைக் கொடுத்தாயிற்று, குரலாவது தன்னுடையதாக இருக்கும் என்றுதான் அவள் படியேறினாள்.

மேலே மைக்குக்கு முன்னால் ஜெனிட்டா நின்றிருந்தாள். சர்ச்சில் பாடுகிற பெண். போன மாதம்தான் அவன் கண்டுபிடித்தான்.

எலெக்ட்ரிக் கிதாரின் ஒயரைக் கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டில் சொருகியதிலிருந்து ஸ்பீக்கரில் ஓயாத இரைச்சல். காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி. வீட்டுக்காரர் பிளக் பாயிண்டில் மூன்று ஓட்டை வைத்தாரே தவிர, மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பி இழுக்கவில்லை. எர்த் இல்லாத வீடு.

அவன் செருப்பைக் கழற்றித் தரையில் கால் வைத்துத் தந்தியைத் தொட்டால் இரைச்சல் அடங்கியது. ஆனால் விரலில் சுளீரென்றது. அந்த விரலை வைத்துக்கொண்டு எப்படி வாசிப்பது?

யாராவது ஒருவர் உடம்பு வழியாக அந்தக் கரண்ட் தரைக்குப் போயாக வேண்டும்.

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

அவன் ரப்பர் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டான். சுவிட்சைப் போட்டான்.

அவள் மணிக்கட்டில் எறும்பு ஊர்ந்தது. முழங்கை வரை ஏறியது. பிறகு கடித்தது.

இரைச்சல் நின்றது.

"ஆகா!" என்றான், ஸ்பீக்கரைப் பார்த்து.

"அண்ணே, அக்காவுக்கு ஷாக் அடிக்காதா?" ஜெனிட்டா கேட்டாள்.

"லேசாத்தான். அவளுக்குப் பழகிரும்."

ஸ்பீக்கரை அணைத்தான். ஹெட்போன் இரண்டு இருந்தன. ஒன்றை அவன் மாட்டிக்கொண்டான், இன்னொன்றை ஜெனிட்டாவுக்கு மாட்டிவிட்டான். எர்த்துக்கு எதற்கு ஹெட்போன்?

அவளுக்குக் கேட்டதெல்லாம் தந்தியின் வறட்டுச் சத்தமும் ஜெனிட்டாவின் வெறும் குரலும்தான்.

நல்ல குரல். அதில் பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

சரணத்தில்தான் கெட்டது. மேலே போய் ஒரு நொடி நின்று, அழப்போகிறவள் அடக்கிக்கொள்வதுபோல நின்று, அப்புறம் இறங்க வேண்டிய இடம். பாட்டின் உயிரே அங்கேதான். ஜெனிட்டா மேலே போகவேயில்லை. சுலபமாகக் கீழே இறங்கிவிட்டாள்.

"அந்த எடம் மேல போகணும்மா" என்று அவள் வாயைத் திறந்தாள்.

அவன் ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கினான்.

"நீ பேசாத. மைக்ல விழுது."

பிறகு ஜெனிட்டாவிடம் திரும்பி, "நீ பாடுனதே நல்லாருக்கு. அப்படியே வச்சுக்கலாம்" என்றான்.

கையில் கடித்ததெல்லாம் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

இந்தத் தடவை அவன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். ரசித்து வாசித்தான். காலால் தாளம் போட்டான். தட்டத் தட்டச் செருப்பு நழுவியது. ஒரு தட்டில் அவள் நாற்காலிக்கடியில் போய்விட்டது. அவன் கவனிக்கவில்லை.

அவள் கவனித்தாள்.

ஊற்றிய தண்ணீர் வாட்டம் பார்த்து அவன் பக்கமாக ஓடியிருந்தது. அவன் வெறும் பாதம் அதில் சளப் சளப்பென்று தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளத்தான் அவள் இருக்கிறாளே.

பல்லவி முடிந்தது. சரணம் வந்தது. ஜெனிட்டா மூச்சை இழுத்தாள். அந்த இடத்துக்கு வந்தாள்.

கீழே இறங்கினாள்.

அவன் கண் திறக்காமலே சிரித்தான்.

மைக்கில் சின்ன விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அவள் தொண்டையில் மிளகின் காரம் இன்னும் மிச்சமிருந்தது.

மணிக்கட்டிலிருந்த கம்பியை அவள் தொடவில்லை.

கச்சேரிக்கு உட்கார்கிறவளைப் போல, இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியில் சம்மணமிட்டாள்.