சாமி கேட்ட முடி

திருமலை விட்ட முதல் குத்திலேயே அந்த ஆளின் மூக்கு உடைந்துவிட்டது.

மொட்டை அடிக்கும் கொட்டகையில் ஈரத்தரை முழுக்க முடி. அதன்மேல் ரத்தம் சொட்டியது. திருமலை நிறுத்தவில்லை. பக்கத்திலிருந்த தண்ணீர் வாளியைத் தூக்கி அவன் தோளிலேயே ஒன்று போட்டான். வாளி இரண்டாகப் பிளந்தது.

நடந்தது இவ்வளவுதான்.

தங்கை மகள் மணிமொழியை மடியில் வைத்துக்கொண்டு திருமலை பலகையில் உட்கார்ந்திருந்தான். முடி எடுப்பவர் அவள் தலையில் தண்ணீர் ஊற்றினார். அடர்ந்த சுருட்டை. தண்ணீர் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக மேலேயே நின்றது. வரிசையில் நின்ற அந்த ஆள் குனிந்து அதில் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தான். அவனுடைய இன்னொரு கையில் செல்போன், வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னாயா இது, முடியா நாரா? எந்தக் காட்டுலேர்ந்து புடிச்சினு வந்த?”

சொன்னவனும் ஒன்றும் வெள்ளைக்காரன் இல்லை. வெயிலில் காய்ந்த நம்மூர்க் கறுப்புதான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லாம் கோயிலுக்குள்ளே போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டு கறுப்புச் சிலையைக் கும்பிடப்போகிற கூட்டம். அதுதான் வயிற்றெரிச்சல்.

மணிமொழிக்கு ஆறு வயது. அப்பா கானா நாட்டுக்காரர், போன வருடம் விபத்தில் போய்விட்டார். அம்மா ரேவதிக்கு லண்டனில் நர்ஸ் வேலை, பாதி நாள் ராத்திரி ஷிப்ட். கொஞ்ச காலம் பார்த்துக்கொள் என்று மகளை அண்ணனிடம் விட்டிருந்தாள். அந்த முடிக்கு எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, வரிவரியாகப் பின்ன வீடியோ காலில் அவனுக்குக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். யாராவது ஏதாவது சொன்னால் சண்டைக்குப் போகாதே, முதலில் பிள்ளையின் முகத்தைப் பார் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

திருமலை பார்க்கவில்லை.

செல்போனைப் பிடுங்கித் தரையில் அடித்தான். கீழே விழுந்தவனின் கையை மிதித்தான், முடியைப் பிடித்த அதே கையை. ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. அந்த ஆள் அலறினான். திருமலைக்கு அது இனித்தது, பொய் சொல்வானேன்.

நாலைந்து பேர் சேர்ந்து அவனை இழுத்துப் பிடித்தார்கள். அந்த ஆளை யாரோ தாங்கிக்கொண்டு வெளியே போனார்கள். சிரித்தவர்கள் எல்லோரும் இப்போது மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திருமலை மூச்சு வாங்கப் பலகையில் வந்து உட்கார்ந்தான்.

சுவரோரம் காதைப் பொத்திக்கொண்டு நின்றிருந்த மணிமொழி தானாகவே வந்து மடியில் ஏறிக்கொண்டாள். சாமிக்குச் சேர வேண்டியது சேர வேண்டும் அல்லவா? அம்மாவுக்குக் கடுங்காய்ச்சல் வந்தபோது மாமா வேண்டிக்கொண்டது. சாமிக்கு உன் முடி என்றால் கொள்ளை ஆசை, அதனால்தான் கேட்கிறார் என்று மாமா சொல்லியிருந்தார். அதைக் கேட்ட பிறகு அவள் அழக்கூட இல்லை.

தோல் கிழிந்திருந்த அவன் விரல்களைப் பிடித்து ஊதிவிட்டாள்.

“யாருக்குமே என் முடி புடிக்கல. சாமிக்கு மட்டும் எப்படி மாமா புடிச்சிது?”



ரேவதிக்குக் காய்ச்சல் எதுவும் வரவில்லை. திங்கட்கிழமை கீழ்பென்னாத்தூரில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. இந்தப் பக்கத்தில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவ்வளவுதான் திருமலை போட்ட கணக்கு.

முடி எடுப்பவர் புதுப் பிளேடு மாட்டிக் கத்தியை அவள் நெற்றிக்கு மேலே கொண்டுவந்தார். திருமலை குறுக்கே கையை வைத்தான். பிளேடு உள்ளங்கையில் இறங்கியது.

“வேணாம்ணா,” என்றான் அவரிடம். பிறகுதான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தான்.

“சாமி ஒண்ணும் கேக்கலம்மா. நான்தான் கேட்டேன்.”