பதவி விடாமல் ஒரு வணக்கம்

மேசையில் ஆட்டுக்குட்டி வறுவல் ஆறிக்கொண்டிருந்தது. பெல்மீரு இன்னும் வணக்கம் சொல்லி முடித்தபாடில்லை.

அவர் லமோசா–பெனெடீன்யு என்ற போர்த்துக்கீசிய ஒன்றிய ஊராட்சியின் தலைவர். இரண்டு ஊரையும் அரசாங்கம் ஒன்றாகக் கட்டிப்போட்டதிலிருந்து, மேடையில் யாருடைய பதவியும் விட்டுப்போகக் கூடாது. போனால் பாதிக் கூட்டம் எழுந்து போய்விடும்.

நகரசபைத் தலைவர், அதன் பேரவைத் தலைவர், உறுப்பினர்கள், ஊராட்சிப் பேரவைத் தலைவி, அவருடைய முதல் செயலாளர், இரண்டாம் செயலாளர் என்று வரிசை அனுமார் வாலாக நீண்டது.

பக்கத்தில் இங்கிலாந்து விருந்தாளி ட்ரெவர் தலையாட்டிக்கொண்டு நின்றார். இன்று அவர் ஊரோடு சகோதர ஊர் ஒப்பந்தம். காலையிலிருந்து போன வீட்டிலெல்லாம் அவருக்கு அந்தப் பக்கத்துப் பச்சை ஒயினை ஊற்றித் தள்ளியிருந்தார்கள்.

மொழிபெயர்க்க வந்தவள் லுசீலியா. சொதப்பினால் வேலை போச்சு. அடுத்த தடவை பெல்மீருவின் மருமகன் செல்போனை நீட்டி மொழிபெயர்ப்பான். அதற்காகவே வாசலில் பல்லிளித்துக்கொண்டு நின்றான், பாவி.

ஃப்ரகிசியா, கொன்செல்யு, டிஷ்ட்ரீட்டு என்று ஊராட்சி, நகரசபை, மாவட்டம் வரை இவர்கள் அடுக்குவதையெல்லாம் அப்படியே பெயர்த்தால் ஆங்கிலேயன் நின்றபடியே தூங்கிவிடுவான். ஆங்கிலம் ஆங்கிலமாக இருக்க வேண்டும். அதில் அவளுக்குப் பிடிவாதம்.

‘உள்ளாட்சி மன்றத்தார் அனைவருக்கும் வணக்கம்’ என்று ஆங்கிலத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

மண்டபத்தில் தலைகள் திரும்பின.

ஊராட்சிப் பேரவைத் தலைவி அல்பெர்த்தினா எழுந்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர்.

“ஏம்மா, அவர் இவ்வளவு நேரம் பேசினாரு, நீ ஒரு வரியில முடிச்சிட்டே. என் பதவிய எங்க எறக்கி விட்டே?”

பேனா கைப்பைக்குள் போய்விட்டது. லுசீலியா வாசலில் நின்ற மருமகனைப் பார்த்தாள்.

அப்போதுதான் ட்ரெவர் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். சின்ன வாக்கியம்.

லுசீலியா நிமிர்ந்தாள். விருந்தாளியின் பதிலுரை என்று போர்த்துக்கீசில் ஆரம்பித்தாள். நகரசபைத் தலைவர் தொடங்கி இரண்டாம் செயலாளர் வரை, ஒரு பதவி விடாமல், லமோசாவை ஒரு தடவை முன்னால் வைத்து, பெனெடீன்யுவை ஒரு தடவை முன்னால் வைத்து, மூச்சுவிடாமல் வணங்கித் தீர்த்தாள்.

கைதட்டல் அடங்கவே இல்லை. அல்பெர்த்தினா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை வெளியே எடுத்தார்.

“அவ்வளவு சின்னதுக்குள்ள இத்தனையும் சொல்லிட்டாரா?” என்றார் பெல்மீரு.

“ஆங்கிலம் சிக்கனமான மொழிங்க, தலைவரே.”

பெல்மீரு விருந்தாளியை இறுகக் கட்டிப்பிடித்தார். விடுவதாகவே இல்லை. ட்ரெவரின் முகம் சிவந்து, நெற்றியில் வியர்வை அரும்பியது. மனிதர் நெகிழ்ந்துவிட்டார் என்று மண்டபம் மறுபடி கைதட்டியது.

ஒருவழியாகக் கையெழுத்து ஆயிற்று. லுசீலியா ட்ரெவரை ஓரமாக இழுத்து, அவர் கேட்டதற்குத் தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்.

“சமையலறைக்குப் பின்னாடி, இடது பக்கம், கடைசிக் கதவு. தாழ்ப்பாள் விழாது. கையால பிடிச்சுக்கங்க.”