பிஞ்சுக்கை மார்க்

மேலாளர் பிரேக் கட்டையை மேசையின் நடுவில் வைத்தார். அது வந்த அட்டைப்பெட்டியையும் அதன் அருகில் வைத்தார்.

பெட்டியின் மேல், கறுப்பு மையில், ஒரு குழந்தையின் வலது உள்ளங்கை. நில் என்று சொல்வதைப் போல ஐந்து விரல்களும் விரிந்திருந்தன.

பிஞ்சுக்கை மார்க் என்றால் எந்தப் பட்டறையிலும் மறுபேச்சு இருந்ததில்லை.

அந்த நிறுவனம் திவாலானபோது இயந்திரங்கள் பழைய இரும்பின் விலைக்குப் போயின. தொழிலாளர்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வெளியேறினார்கள். ஏலத்தில் ஆளுக்கு ஆள் போட்டியிட்டுக் கேட்டது அந்தக் கையை மட்டும்தான்.

எடுத்தவர்கள் பெயரை வாங்கினார்கள், படத்தை வாங்கினார்கள், பொறுப்பை வாங்கவில்லை. அப்படி வாங்குவதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. வெட்கப்படுவதற்குத்தான் அதில் இடமில்லை.

மேசைக்கு எதிரே வேன் ஓட்டும் பெண் உட்கார்ந்திருந்தாள். திவாலுக்குப் பின் அந்த வேனைக் கொண்டுதான் தன் இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்றிவந்தாள். ஒரு சரிவில் பிரேக் பிடிக்காமல், நின்றிருந்த லாரியின் மேல் வேன் மோதியது. அவளுடைய சட்டையின் வலது கை இப்போது முழங்கைக்குக் கீழே மடிக்கப்பட்டு ஊக்கு குத்தப்பட்டிருந்தது.

கட்டை புதியவர்கள் செய்தது என்றால் அவர்கள் நட்டஈடு தரவேண்டும். பழைய நிறுவனத்தின் மிச்சச் சரக்கு என்றால் தரவேண்டியதில்லை. செத்துப்போன நிறுவனத்திடம் அவள் தாராளமாகப் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது வருவது பழைய தரத்தில் இல்லை, வேறு கம்பெனிச் சரக்கை எடுத்துக்கொள் என்று கடைக்காரரே அவளிடம் சொல்லியிருந்தார். அந்தப் பெட்டியை விட்டு இன்னொன்றை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

கட்டை எவருடையது என்று சொல்ல முதியவரை அழைத்திருந்தார்கள். பிஞ்சுக்கையைத் தொடங்கியவர் அவர்தாம். வீடு உட்பட எல்லாவற்றையும் இழந்தவருக்குப் புதியவர்கள் ஆலோசகர் என்று ஒரு நாற்காலி கொடுத்தார்கள். பழைய வீட்டின் மாடியில் அவர் ஒருவர் மட்டும் தங்கிக்கொள்ளவும் அனுமதித்தார்கள். வாசற்பலகையில் 'நிறுவனர்' என்று அவருக்குப் பொன்னெழுத்தும் உண்டு.

அவர் சொல்வதே முடிவு என்று அவள்தான் முதலில் ஒப்புக்கொண்டாள். சரக்கைப் பற்றி அவர் பொய் சொல்லமாட்டார் என்றாள்.

முகதாட்சண்யமே பார்க்காத மனிதர் என்று புதியவர்களின் மேலாளர் அவரை அறிமுகப்படுத்தினார். பிறகு, உங்கள் இருவருக்கும் அறிமுகம் எதற்கு என்று தாமே சிரித்துக்கொண்டார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

முதியவர் கட்டையைக் கையில் எடுத்துப் புரட்டினார். அதன் விளிம்பை நகத்தால் சுரண்டினார்.

அவர் காலத்துக் கட்டையைச் சுரண்டினால் நகம்தான் தேயும். இது பொடிப்பொடியாக உதிர்ந்து, மேசைமேல் சாம்பலைப் போல விழுந்தது.

அவள் அந்தப் பொடியைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

கைக்குட்டையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"இது என் காலத்துச் சரக்குதாங்க."

மேலாளர் தம் வருத்தத்தைத் தெரிவித்தார். ஒரு கையால் ஓட்டக்கூடிய வண்டிகளும் வந்துவிட்டன என்று ஆறுதல் சொன்னார். கட்டையைத் தம் இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டு, வெறும் பெட்டியை அவள் பக்கமாகத் தள்ளினார்.

அவள் எழுந்தாள். இடக்கையால் பெட்டியை எடுத்து, அதிலிருந்த உள்ளங்கையை முதியவரின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"மையில தோய்க்கும்போது கைய ஆட்டாதேன்னு சொன்னீங்க. நான் ஆட்டவே இல்லையேப்பா."