தில்லைநாதன் வீட்டார்

தில்லைநாதனின் பெயர்தான் இந்த நாட்டில் அவருடைய மகன் கிருபாவுக்கும் மருமகள் வாசுகிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் குடும்பப் பெயர். அவர்கள் புது வீட்டுக்குக் குடிவந்தபோது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி அதை ஒரு மரப்பலகையில் ஆங்கிலத்தில் செதுக்கிப் பரிசாகக் கொடுத்திருந்தாள். 'தி தில்லைநாதன்ஸ்' என்று அது வாசல் கதவில் தொங்கியது. முதியோர் இல்லத்தில் சேரப் புறப்பட்ட காலையில் கிழவர் தில்லைநாதன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் நின்றுவிட்டார். கடைசி எழுத்தை விரலால் தடவினார்.

"இந்த 'ஸ்' என்னத்துக்குப் பிள்ளை?"

"இந்த வீட்டில இருக்கிற எல்லாரையும் சேர்த்துச் சொல்லுறது, மாமா," என்றாள் வாசுகி. சொல்லி முடித்த பிறகுதான் அவர் கையில் இருந்த பையைப் பார்த்தாள். அதை வாங்கிக்கொண்டு காருக்கு ஓடினாள்.

இல்லத்தில் ஒரு தாதி அட்டையும் பேனையுமாகச் சிரித்தபடி வந்தாள். அறைக் கதவில் என்ன பெயர் எழுதுவது என்று அவள் கேட்டதைக் கிருபா தமிழில் சொன்னான்.

"கந்தையா எண்டு எழுதச் சொல்லு."

"அது அப்பப்பான்ர பேரெல்லோ, அப்பா?"

"ஓம். என்ர பேரை நீங்கள் எல்லாரும் பாவிக்கிறியள். அது அங்கயே கிடக்கட்டும்." கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு, கட்டில் மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

இருவரும் வீடு திரும்பினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். வாசலில் வாசுகி சாவியை எடுத்து நீட்டினாள். கிருபா அதை வாங்கவில்லை. பலகையைப் பார்த்தபடி, உள்ளே யாரும் இல்லாத வீட்டின் மணியை அழுத்திவிட்டு, கதவு திறக்கக் காத்து நின்றான்.