ஆற்றை பிள்ளை நீ?

"அம்மா, பின்னேரம் அவளைக் காணேக்கை 'ஆற்றை பிள்ளை நீ' எண்டு மட்டும் கேட்டுப்போடாதேங்கோ."

சைக்கிளை விட்டு இறங்கியும் இறங்காமலும் யோகலிங்கம் தாயிடம் சொன்ன முதல் பேச்சே அதுதான். யாரைக் கண்டாலும் யாருடைய பிள்ளை என்று கேட்பது அவள் வழக்கம். இயக்கம் அனுமதி தந்துவிட்டதாம். மாலையில் முகாமில் கலியாணமாம். பெண்ணும் போராளிதான். இயக்கப் பெயர் இசைமதி. சொந்தப் பெயர் அவனுக்கே தெரியாது.

கமலாசனிக்குக் குசினிப் புகையை விட இந்தக் கதைதான் கண்ணைக் கரித்தது. "பசுக்கண்டு வாங்கினாலும் தாயைப் பாத்துத்தானே வாங்கிறம், தம்பி?"

"உங்கடை கேள்விக்குச் சாதி எண்டுதான் அர்த்தம். எங்களுக்குள்ளை அதை ஆரும் கேக்கிறேல்லை. நானும் கேக்கேல்லை. நீங்கள் கேட்டியளெண்டால், சித்தியைத் துலைச்ச மாதிரி என்னையும் துலைச்சுப்போடுவியள்."

கடற்கரைப் பையன் ஒருவனைக் கலியாணம் முடித்துக்கொண்டு வந்து நின்ற ஒரே தங்கையின் முகத்தில் கதவைச் சாத்தியவள் கமலாசனிதான். யோகலிங்கம் பிறப்பதற்கு முன் நடந்தது; ஊரார் சொல்லித்தான் அவனுக்கும் தெரியும். அதற்குப் பிறகு அந்தத் தங்கையின் பெயரை வீட்டில் எவரும் எடுத்ததில்லை. உருத்திரபுரத்தை விட்டு இடம்பெயர்ந்து மல்லாவிக் கொட்டிலுக்கு வந்த பிறகும் இல்லை.

முகாமில் மாலை மாற்றி, மஞ்சள் கயிறு கட்டி, வடையும் பிளேன்ரீயும் கொடுத்து எல்லாம் மளமளவென்று முடிந்தது. கமலாசனியின் நுனிநாக்குவரை அந்தக் கேள்வி வந்து வந்து போனது. மகனோ அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். விடிந்தால் சண்டைக்களத்துக்குத் திரும்புகிறவன். பிளேன்ரீயோடு சேர்த்து அதையும் விழுங்கினாள்.

பொறுப்பாளர் கூப்பிட்டு அவன் அப்பால் போனதும், மருமகள் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

"துருவித் துருவிக் கேப்பா எண்டு இவர் என்னைப் பயப்படுத்தி வைச்சவர், மாமி. நீங்கள் ஒண்டுமே கேக்கேல்லை."

"எனக்கென்னத்துக்குப் பிள்ளை அதெல்லாம்?" கமலாசனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தன்னை நினைக்கத் தனக்கே பெருமையாக இருந்தது.

"எனக்கு ஐயாவும் இல்லை, அம்மாவும் இல்லை. சாகேக்கை அம்மா ஒண்டு சொன்னவா. உருத்திரபுரத்திலை தனக்கொரு அக்கா இருக்கிறாவாம். இப்ப கோவம் ஆறியிருப்பாவாம், போய்ப் பார் எண்டு. நீங்களும் அங்கையிருந்து வந்தனீங்கள்தானே. கமலாசனி எண்டு ஆரையும் தெரியுமோ, மாமி?"